யோகமலரின் இரண்டு படங்கள்

போன மாதம் எங்கள் பங்குக் கோயிலில் இளையோருக்குப் புகைப்பட வகுப்பு ஒன்று வைத்தார்கள். தொழிலை விட்டுச் சில வருடங்களாகிவிட்ட என்னையும் கூப்பிட்டுக் கதிரை போட்டு முன்னால் இருத்தினார்கள். இப்போதைய பிள்ளைகள் கைபேசியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முன்பு வந்த சின்னக் கமராக்களைத் தேடி வாங்குகிறார்களாம். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்.

"அன்ரி, புதுசாப் படம் எடுக்கப் பழகிற ஆளுக்குச் சின்ன டிஜிற்றல் கமரா காணுமோ? இல்லாட்டிப் பெரிசுதான் வேணுமோ?"

"காணும்" என்றேன்.

அவர்கள் இன்னும் ஏதோ சொல்லுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசாமல் இருக்கவே, ஏன் காணும் என்று தாங்களே சொல்லத் தொடங்கினார்கள். பிலிம் வாங்கத் தேவையில்லை, கழுவத் தேவையில்லை, எடுத்த உடனே பார்க்கலாம். "பிடிக்காட்டி அழிச்சிடலாம்" என்றான் பின் வாங்கில் இருந்த ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

தேத்தண்ணி நேரம் வகுப்பை நடத்தியவர் வந்து, "என்ன றீற்றா அக்கா, சுகமில்லையோ?" என்று கேட்டார். தலையிடி என்று சொல்லிச் சமாளித்தேன். தலையிடி ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. அத்தனை முகங்களுக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதும்போது எவரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் தாழ்வுபாட்டில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலத்தில் மன்னார் பட்டினத்து ஸ்ரூடியோ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். படம் எடுக்கத் தெரிந்து சேரவில்லை. கலியாணப் பொம்பிளைகளின் சேலை மடிப்பைச் சரி செய்யவும், முஸ்லிம் வீடுகளுக்குப் படம் எடுக்கப் போகும்போது உள்ளே போய் அவர்களோடு கதைக்கவும் ஒரு பெண் தேவைப்பட்டது. அவ்வளவுதான். பிறகு லைற் பிடித்தேன், இருட்டறையில் படம் கழுவினேன், கடைசியில் கமராவும் கைக்கு வந்தது.

ஸ்ரூடியோவின் முதலாளியை எல்லாரும் லெம்பேட் மாஸ்டர் என்பார்கள். அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. படம் எடுக்க வந்தவரைத் தொட்டுத் திருப்பவும் மாட்டார். கமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு விரலை மட்டும் தூக்குவார். விரல் மெல்ல இறங்கும்போது எதிரே இருப்பவரின் நாடியும் இறங்கும். "கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... காணும்" என்பார். அதற்குப் பிறகும் உடனே எடுக்க மாட்டார். காற்றில் கலைந்த முடி படியும் மட்டும், கண்ணில் இருக்கும் பயம் போகும் மட்டும் பொறுத்திருப்பார். வந்தவர்கள் களைத்துப்போய், இனி எடுத்தால் என்ன எடுக்காவிட்டால் என்ன என்று தோளைத் தளர விடும்போது கிளிக் என்று கேட்கும்.

அவர் எனக்குப் பழக்கிய வேலைகளில் நான் பெரிதாக நினைத்தது பென்சில் வேலைதான். நெகற்றிவைச் சரிவான கண்ணாடியில் வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் வர விடுவோம். பென்சிலின் முனையை ஊசி போல நீளமாகச் சீவி எடுப்போம். முகத்தில் உள்ள கறுத்த தழும்பு நெகற்றிவில் வெளிறித் தெரியும். அந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு புள்ளி புள்ளியாக வைத்தால், படம் அச்சாகும்போது தழும்பு தோலோடு கலந்துவிடும். அம்மைத் தழும்பு, பருக்குழி, கண்ணுக்குக் கீழே கருமை எல்லாம் அப்படித்தான் போகும். "பிள்ளை, படம் எடுக்க வாற சனம் தங்கட முகத்தை எங்களிட்டத் தந்திட்டுப் போகுது. கொஞ்சம் திருத்திக் குடுக்கிறதுதான் மரியாதை" என்பார். வாங்கிப் போனவர்கள் ஒருவரும் குறை சொன்னதில்லை.

சண்டை பெருத்தபோது நாங்கள் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் இறங்கினோம். மாஸ்டர் நீர்கொழும்புப் பக்கம் போனார். முகாம் வாழ்க்கையைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. கடலில் பொலித்தீனில் சுற்றிக் காப்பாற்றிக்கொண்டு போன என் பிலிம் கமராவின் லென்ஸுக்குள் அங்கே பூஞ்சணம் பிடித்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கனடாவில் இருக்கும் என் தங்கை, "உன்ர தொழிலுக்கு உதவும்" என்று ஒரு கமரா அனுப்பினாள். வெள்ளி நிறம். உள்ளங்கைக்குள் அடங்கும். அது வந்த பெட்டியின் மேல் ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் நின்று சிரித்தது. தங்கைக்குப் படம் எடுக்கிற கமரா எல்லாம் ஒன்றுதான். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பட்டினத்து றோட்டில் நடக்க என்னால் முடியவில்லை. கைப்பைக்குள் கைலேஞ்சியால் சுற்றி வைத்திருப்பேன்.

மாஸ்டரும் திரும்பி வந்து சின்னதாக ஒரு ஸ்ரூடியோ போட்டிருந்தார். நீர்கொழும்பில் கொம்பியூற்றர் பழகியிருந்தார். பெரிய டிஜிற்றல் கமரா, ஸ்ராண்ட், குடை லைற் எல்லாம் வைத்திருந்தார். என்னைக் கண்டதும், "கமரா இருக்கோ?" என்று கேட்டார். "இருக்கு ஐயா" என்றேன். என்ன கமரா என்று அவர் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

அந்த நாட்களில் மீளக் குடியேறிய ஊர்களில் நடமாடும் சேவை வைப்பார்கள். அரசாங்கக் கந்தோர்களில் உள்ளவர்கள் எல்லாம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து மேசை போட்டிருந்து, தொலைந்த பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் எடுப்பார்கள். அடையாள அட்டை இல்லாத ஆள் அப்போது ஆள் இல்லை. ஆமிச் சென்றியைத் தாண்ட ஏலாது, வீட்டுத் திட்டத்தில் பேர் வராது. அட்டைக்குப் படம் வேண்டும். ஆகவே படம் எடுக்கிறவர்களும் போவோம். மாஸ்டர் தன்னுடன் என்னையும் கூட்டிப்போனார்.

நானாட்டானுக்கு உள்ளே போகிற ஒரு வயல் கிராமத்துப் பள்ளிக்கூடம். கூரையில் பாதி ஓடு இல்லை. மாஸ்டர் ஒரு வகுப்பறைக்குள் வெள்ளைத் துணி கட்டி, லைற்றுக்கு ஜெனரேற்றர் வயர் இழுத்து, பட்டினத்தில் செய்வது போலவே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். நான் தலை சீவிவிட்டு ஆட்களை வாங்கில் இருத்தினேன். வெயிலில் கறுத்து, தூசியில் வந்த சனம் அந்தத் துணிக்கு முன்னால் இருந்ததும் நிமிர்ந்துவிடும். மாஸ்டரின் விரல் ஏறி இறங்கும்.

ஒரு மனிதர் தன் மகள் சின்னக் கமராவில் எடுத்த படம் ஒன்றைக் கொண்டு வந்து, இது காணுமோ என்று கேட்டார். பிளாஷ் அடித்து நெற்றி வெளுத்து, பின்னால் சுவரில் தலையின் நிழல் தடிப்பாக விழுந்திருந்தது. மாஸ்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உது பிள்ளையள் விளையாடுற சாமான். உதில முகம் வராது. நீங்கள் இருங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற இன்னொரு படக்காரர் சிரித்தார். அந்த மனிதர் படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார். நான் என் கைப்பையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன்.

மத்தியானத்துக்குக் கிட்ட அந்தக் கிராமத்துக்குப் பொறுப்பான விதானையார் வந்தார். ஒரு வீட்டிலிருந்து ஒரு பொம்பிளை வரவில்லை, மூன்றாம் முறையும் வரவில்லை, அட்டை இல்லாமல் அவவின் பேரை வீட்டுத் திட்டத்தில் போட ஏலாது என்றார். வன்னியில் கடைசி நேரத்தில் பங்கருக்கு மேல் ஷெல் விழுந்ததில் முகத்தில் ஒரு பக்கம் எரிந்தவ. ஆம்பிளைகளுக்கு முன்னால் வர மாட்டன் என்கிறா.

"நீ போ" என்றார் மாஸ்டர். தன் பெரிய கமராவைத் தரமாட்டார், அது எனக்குத் தெரியும். வரிசை முற்றம் வரை நின்றது. நான் கதவுக்குப் பின்னால் போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பொம்பிளையின் புருஷன் கணேசன் உழவு மிசின் பெட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் அவர் ஒரு விஷயத்தைத்தான் சொன்னார். "எங்களிட்ட ஒரு படமும் இல்லை அக்கா. கலியாண அல்பம் கடைசி மட்டும் கொண்டுதான் திரிஞ்சனாங்கள். பிறகு பிள்ளையைத் தூக்கிறதோ அதைத் தூக்கிறதோ எண்டு வந்திட்டுது."

அவர்களுடைய வீடு தறப்பாள் கூரை போட்ட ஒரு கொட்டில். உள்ளே ஒரு பெட்டி, பாய்ச்சுருள், அடுப்பு. அவள் பெயர் யோகமலர். முப்பத்தைந்து வயது இருக்கும். சேலைத் தலைப்பால் முகத்தின் இடது பக்கத்தை மூடிக்கொண்டு, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி இருந்தாள்.

"படம் எடுக்கிற ஆக்கள் எண்டால் பெரிய கமராவோட வருவினம் எண்டு பாத்தன்" என்றாள்.

பையிலிருந்து லேஞ்சியைப் பிரித்து அதை எடுத்தேன். அவள் ஒரு கண்ணால் பார்த்தாள்.

"உது கமராவோ?"

"ஓம்."

"விளையாட்டுச் சாமான் மாதிரி."

"எனக்கும் உதை வெளியில எடுக்க வெக்கம்தான். அங்க பள்ளிக்கூடத்தில கதவுக்குப் பின்னால ஒளிச்சு வைச்சிருந்தனான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "நான் முகத்துக்கு வெக்கப்படுறன், நீங்கள் கமராவுக்கு வெக்கப்படுறியள்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது தலைப்பு நழுவியது. அவள் அதை உடனே இழுத்து மூடவில்லை. இடது கன்னமும் கழுத்தும் உருகி இறுகியிருந்தன. காது இருந்த இடத்தில் சின்ன முடிச்சுப் போல ஒன்றுதான் இருந்தது. நான் பார்வையை எடுக்காமல் இருக்க முயன்றேன். முயல்வது அவளுக்குத் தெரிந்துமிருக்கும்.

வேலையைச் சொல்லுகிறேன். நீலத் தறப்பாளுக்குக் கீழே முகம் நீலமாகத்தான் வரும். பிளாஷ் போட்டால், முன்பு அந்த மனிதர் கொண்டு வந்த படம் போலத்தான் வரும். ஆகவே பிளாஷை நிறுத்தினேன். பெட்டியை வாசலுக்குக் கிட்ட இழுத்து, வெயில் நேராகப் படாமல் வெளிச்சம் மட்டும் வரும் இடத்தில் அவளை இருத்தினேன். பின்னால் கணேசனின் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டினேன். கழுவிக் காயப்போட்டிருந்த யூரியாப் பை ஒன்று முற்றத்தில் கிடந்தது. அதை விரித்துக் கணேசனின் கையில் கொடுத்து, "வெளிச்சத்தை இதில வாங்கி இவவின்ர முகத்தில விடுங்கோ" என்றேன். அவர் அதைச் சரித்தார். அவள் கன்னத்தில் விழுந்திருந்த நிழல் இளகியது.

சின்னக் கமராவின் பெரிய குறை, அமுக்கிய உடனே எடுக்காது. அமுக்கினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். பிள்ளைகள் ஓடி விளையாடுவதை அதில் எடுக்கப் போய் வெறும் நிலத்தைத்தான் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு யோகமலர் நான் அமுக்குவதைக் கண்டு முகத்தை இறுக்கிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்து இறுக்கத்தை விட்டாள். அப்போது அது எடுத்தது. மாஸ்டர் பொறுத்திருந்து பிடிக்கும் அந்த நேரத்தை, இந்தக் கமரா தன் குறையால் பிடித்துத் தந்தது.

திரையில் காட்டினேன். அவள் பார்த்தாள். முகம் வாடியது.

"இதை ஆரும் பாப்பினமோ?"

"வேண்டாமெண்டால் இப்பவே அழிக்கலாம்."

"உண்மையாவோ?"

அவளிடம் கமராவைக் கொடுத்து எந்தப் பொத்தான் என்று காட்டினேன். அவள் அமுக்கினாள். படம் போய்விட்டது. அவள் திரும்பத் திரும்பத் திரையைப் பார்த்தாள். தன் முகத்தை மற்றவர்கள் பார்க்காமல் செய்ய அவளால் முடிந்த முதல் தரம் அதுவாக இருந்திருக்க வேண்டும். "இன்னொண்டு எடுங்கோ" என்றாள். எடுத்தேன், பார்த்தாள், அழித்தாள். இப்படிப் பல தடவை. பிலிம் என்றால் இது நடந்திருக்காது. எடுத்ததை நான் கொண்டுபோயிருப்பேன், அவள் நம்பிக்கையில் இருந்திருக்க வேண்டும், இருந்திருக்க மாட்டாள். கடைசியில் ஒன்றைப் பார்த்துவிட்டு அவள் பொத்தானை அமுக்காமல் கமராவை என்னிடம் நீட்டினாள்.

"இது இருக்கட்டும்" என்றாள்.

அந்தப் படத்தில் எரிந்த பக்கம் எரிந்தபடியே தெரிந்தது. ஆனால் அவள் அதில் ஒளிந்துகொள்ளவில்லை, கமராவை நேரே பார்த்தாள்.

மெமரி காட்டை மாஸ்டரிடம் கொடுத்தேன், கமராவைக் காட்டவில்லை. ஒரு கிழமை கழித்து அச்சான படங்களை வாங்கப் போனபோது அவர் ஒரு உறையை நீட்டினார். மற்ற உறைகளைக் கட்டாகத் தந்தவர் இதை மட்டும் தனியே தந்தார். திறந்து பார்த்தேன்.

யோகமலரின் முகம் முழுதாக இருந்தது. வலது கன்னத்தை எடுத்து இடப் பக்கம் மாற்றி வைத்து, காதையும் வைத்து, கழுத்தையும் மினுக்கியிருந்தார். எங்கே வெட்டி எங்கே ஒட்டினார் என்று எனக்கே தெரியவில்லை. அவள் நல்ல வடிவானவள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், அதைக் கண்டதும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. என்ன வேலை என்று நினைத்தேன். பென்சில் வேலை பழகிய கையல்லவா.

"பாவம், பிள்ளை. காது தெரியாட்டிக் கந்தோரிலயும் திருப்பி அனுப்புவினம்" என்றார் மாஸ்டர்.

பஸ்ஸில் பாலம் தாண்டும்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது. ஆனாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

யோகமலர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கணேசனும் எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டு வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டார். அவள் வெகு நேரம் பார்த்தாள். பெருவிரலால் அந்தக் காதைத் தடவினாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளைக் கேட்காமல் அவளுடைய முகத்தை மாற்றிவிட்டோம் என்ற வெட்கம் எனக்கு அப்போதுதான் முழுதாக வந்தது. அவள் தானே பார்த்து, தானே அழித்து, தானே தெரிந்தெடுத்த படத்தை.

"இதை அட்டைக்குக் குடுக்க ஏலாது" என்றாள் கடைசியில். "சென்றியில அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பாப்பாங்கள். இது ஆர் எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மற்றதைக் கொண்டு வாறன்" என்று அவள் கையிலிருந்து படங்களை வாங்கினேன். வாங்கினேன் என்று எழுதுவது சரியில்லை, உருவி எடுத்தேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

நேரே ஸ்ரூடியோவுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மாஸ்டருக்கு முன்னால் என் குரல் உயர்ந்தது. "அவவைக் கேக்காமல் ஏன் ஐயா செய்தனீங்கள்? அது அவவின்ர முகம் இல்லை" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண் சிவந்திருந்தது.

"எத்தினை பேருக்குச் செய்தனான். ஒருத்தரும் வேண்டாமெண்டு சொன்னதில்லை" என்றார்.

"இது பரு இல்லை ஐயா."

அவர் கொம்பியூற்றரைத் திருப்பி அசல் படத்தைத் திறந்தார். வாசல் வெளிச்சத்தில் அவள் இருந்த படம். கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இதை எதில எடுத்தனி?"

நான் கைப்பையைத் திறந்து காட்டினேன். அவர் அதை உள்ளங்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிளாஷ் போடேல்லை."

"இல்லை ஐயா. யூரியாப் பை பிடிச்சனான்."

"நல்ல வெளிச்சம்" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்ததும் வெட்கம்தான், எனக்குத் தெரியும். அதைக் கண்ட நான் அவரை அந்த இடத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"அந்தத் திருத்தின படத்தை அழிச்சிடுங்கோ" என்றேன்.

"வைச்சிருப்பமே, பிள்ளை. ஒரு பக்கத்தில கிடக்கட்டும்."

"வேண்டாம் ஐயா. அழியுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அழித்தார். உறையில் இருந்த படங்களை நான் அவருக்கு முன்னாலேயே கிழித்துக் கூடைக்குள் போட்டேன். கையில் இருந்த கோபம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அந்தப் பிள்ளையின் கேள்விக்குத் தொழில்காரியாக இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். சின்னக் கமரா கோயிலுக்குள் இருட்டில் திணறும், தூரத்தில் உள்ளதைப் பிடிக்காது, ஓடுகிறதைப் பிடிக்காது. வெயிலில் திரை தெரியாது. ஆனால் வெளிச்சம் எங்கே இருந்து வருகிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு, எதிரே இருப்பவரோடு இருந்து கதைக்கப் பொறுமை உள்ளவருக்கு, அது காணும். பழகுகிறவருக்குத் தாராளமாகக் காணும். யோகமலரின் படத்தை மாஸ்டரின் பெரிய கமரா எடுத்திருக்காது.

அடுத்த நடமாடும் சேவைக்கு யோகமலர் தானே வந்தாள். அசல் படம் ஒட்டிய விண்ணப்பத்தோடு நான் அவளுடன் மேசை வரை போனேன். மேசையில் இருந்த பிள்ளை புதிதாக வேலைக்கு வந்தவள் போல இருந்தாள். விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டு போனவள் படத்தில் நின்றாள்.

"ரெண்டு காதும் தெரிய வேணும். படம் எடுத்தவைக்கு இது தெரியாதோ?" என்று தலை நிமிராமல் கேட்டாள்.

வரிசை முழுக்கக் கேட்டது. யோகமலர் சேலைத் தலைப்பை எடுத்துத் தோளில் போட்டாள்.

"இருக்கிற காதைத்தான் தங்கச்சி காட்டினனான்."

அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு எழும்பி நின்றுவிட்டாள். ஏன் நிற்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. உள்ளேயிருந்து பெரியவர் ஒருவர் வந்தார், படத்தையும் ஆளையும் பார்த்தார், ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்து வைத்தார். "நீங்கள் போகலாம் அம்மா. அட்டை வரும்" என்றார். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். யாரும் அவளை நேரே பார்க்கவில்லை. அவள் எல்லாரையும் பார்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நான் செய்தது சரி என்று அன்றைக்குப் போல என்றைக்கும் நான் நினைத்ததில்லை. முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே நின்று கணேசன் மிசினைத் திருப்பும் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தோம். அப்போது அவள் கேட்டாள்.

"அக்கா, அந்த மற்றப் படம் உங்கட ஐயாவிட்ட இருக்கோ?"

"எது?"

"காது வைச்சது."

"இல்லை. அதை அழிக்கச் சொல்லிப்போட்டன். அச்சடிச்சதையும் கிழிச்சாச்சு."

பெருமையோடுதான் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எரிந்த பக்கம்தான் என் பக்கம் இருந்தது, மாறக்கூடிய பக்கம் எனக்கு எதிர்ப்பக்கமாக இருந்தது.

"அட்டைக்கு வேண்டாமெண்டுதான் அக்கா சொன்னனான்" என்றாள் மெல்ல. "வேண்டாமெண்டு சொல்லேல்லை."

அவள் மிசினைத் திருப்பிக்கொண்டிருந்த கணேசனைப் பார்த்தாள்.

"எங்கட அல்பம் போயிட்டுது. இவருக்கு நான் எப்பிடி இருந்தனான் எண்டு தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. அவளுக்கு நினைவு தெரியிறதுக்கு முன்னம் இப்பிடி ஆகிட்டுது. பெட்டிக்குள்ள வைச்சிருந்து, வளர்ந்தாப் பிறகு ஒருக்காக் காட்டியிருப்பன்."

அப்போதுதான் கணேசன் அன்றைக்கு வேலிப் பக்கம் போய் ஏன் நின்றார் என்று எனக்கு விளங்கியது. அவர் தன் மனைவியைக் கண்டிருந்தார். அவர் பார்த்து முடிக்கும் முன்னமே நான் அதை அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டு பஸ் ஏறியிருந்தேன். மாஸ்டர் கேட்காமல் செய்தார் என்று அவருக்கு முன்னால் கத்திய நான், கேட்காமல் கிழித்தேன்.

"ஐயாவிட்டச் சொல்லித் திரும்பச் செய்விக்கிறன். அசல் இருக்கு. அவர் செய்து தருவார்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் அக்கா. அண்டைக்கு அது நான் கேக்காமல் வந்தது. கையில வாங்கிப் பாத்தால் அது நான்தான். இனிக் கேட்டுச் செய்விச்சால் அது நான் கேட்டு வாங்கின பொய்யாப் போயிடும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள், அவ்வளவுதான். கணேசன் மிசினைக் கொண்டு வந்து நிறுத்தினார். அவள் பெட்டியில் ஏறி இருந்து, "கரைச்சலுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ, எனக்காகக் கன தரம் அலைஞ்சிட்டியள்" என்றாள். மிசின் வயல் றோட்டில் இறங்கி மறையும் மட்டும் நான் அந்த மரத்தடியிலேயே நின்றேன். வரிசையில் நின்ற சனம் என்னைப் பார்த்தது. எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு வகுப்பறைக்குப் போனேன். மாஸ்டர் அன்றைக்கும் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்கு முன்னால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். 'வைச்சிருப்பமே என்று நான் சொன்னனான்தானே' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்வார் என்று காத்திருந்தேன், சொன்னால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் லென்ஸ் துடைத்த துணியை மடித்துப் பையில் வைத்தார்.

"அடுத்த ஆளை வரச் சொல்லு, பிள்ளை" என்றார்.

வாசலுக்குப் போய் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.